எந்தத் தேதியின் சட்டம்? ஜப்பானியச் சட்டம் தேடும் ஏஐ ஏஜென்டுகளுக்கு ஒரு கேஷ்

2020 ஜனவரியில் டோக்கியோவில் ஒருவர் நண்பருக்குப் பணம் கடன் கொடுக்கிறார். 2021 டிசம்பர் 31-க்குள் திருப்பித் தருவதாகப் பேச்சு. தரவில்லை. இவரும் நட்பை நினைத்து வாய் திறக்கவில்லை. வழக்கு, கடன் ஒப்புதல் என்று இடையில் எதுவும் நடக்கவில்லை. இந்தப் பணத்தைச் சட்டப்படி கேட்கும் உரிமை எப்போது காலாவதியாகும்?

இதை, தானே தேடிப் படித்துப் பதில் சொல்லும் ஏஐ ஏஜென்ட் ஒன்றிடம் கொடுத்தால் அது ஜப்பானின் சிவில் சட்டத்தைத் திறந்து 166-ஆம் பிரிவை எடுக்கும். உரிமையைப் பயன்படுத்தலாம் என்று தெரிந்த நாளிலிருந்து 5 ஆண்டு, பயன்படுத்த முடிந்த நாளிலிருந்து 10 ஆண்டு, இரண்டில் எது முந்துகிறதோ அது என்று அங்கே இருக்கிறது. தவணை தேதி இவருக்குத் தெரியும். ஆகவே 5 ஆண்டு, 2026 டிசம்பர் கடைசி என்று ஏஜென்ட் பதில் சொல்லும். பிரிவு எண்ணையும் காட்டும். படிப்பவருக்குச் சந்தேகமே வராது.

ஆனால் அந்தப் பதில் தவறு. சரியான பதில் 2031 டிசம்பர் கடைசி. 5 ஆண்டுக் கணக்கு 2020 ஏப்ரல் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பிறந்த கடனுக்குப் பழைய 167-ஆம் பிரிவின் 10 ஆண்டுக் கணக்கே பொருந்தும். திருத்தச் சட்டத்தின் கடைசியில், பழையதிலிருந்து புதியதற்கு மாறுவதைப் பற்றிப் பேசும் துணை விதிகளில் 10-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

இந்த உதாரணத்தை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கேஷ் (ஒருமுறை எடுத்த தகவலை அருகில் சேமித்து வைக்கும் இடம்) என்றாலே நமக்குப் பயம் ஒன்றுதான்: உள்ளே இருப்பது பழசாகிவிடுமோ? இங்கே ஏஜென்ட் கொண்டு வந்தது அன்றைக்கு அமலில் இருந்த, ஒரு எழுத்துகூடப் பிசகாத, புத்தம் புதிய சட்டம். புதிதாக இருந்ததால்தான் தவறு நேர்ந்தது. ஜப்பானியச் சட்டத்துக்கு ஒரு கேஷ் கருவி கட்டி அதற்கு ஆவணம் எழுத உட்கார்ந்தபோது, வேகத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதினால் போதும் என்று நினைத்தோம். எழுத எழுத எல்லாப் பக்கமும் தேதியைப் பற்றியே ஆகிப்போனது.

கேஷ் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒவ்வொரு தாளிப்புக்கும் கடைக்கு ஓடாமல் கடுகையும் வெந்தயத்தையும் அஞ்சறைப் பெட்டியில் வைத்துக்கொள்கிறோமே, அதுதான். தொலைவில் உள்ள சர்வரிலிருந்து ஒருமுறை வாங்கியதை அருகில் வைத்துக்கொண்டு அடுத்த முறை அங்கிருந்தே கொடுப்பது. மொழி மாதிரி நிறுவனங்கள் விற்கும் ப்ராம்ப்ட் கேஷிங் இதுவல்ல. அது, மொழி மாதிரி ஏற்கெனவே படித்து முடித்த பகுதியை மறுபடி கணக்கிடாமல் இருக்கும் உத்தி. பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன்.

ஜப்பானியச் சட்டங்களின் மூலக் கிடங்கு ஈ-கவ் என்னும் அரசுத் தளம். 2021 செப்டம்பர் 1 அன்று தொடங்கிய டிஜிட்டல் ஏஜென்சியின் பொறுப்பில் இருக்கிறது. அரசமைப்பு, நாடாளுமன்றச் சட்டங்கள், அமைச்சரவை ஆணைகள், அமைச்சக விதிகள் எல்லாம் அதில் உண்டு. ஏபிஐ-யும், அதாவது நிரல்கள் நேரடியாகக் கேட்டு வாங்கும் வழியும், உண்டு. 2025-இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒரு சட்டத்தை இன்ன தேதியில் இருந்த வடிவில் கொடு என்று கேட்கலாம். கட்டணம் இல்லை. ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சட்டங்களுக்கும் தீர்ப்புகளுக்கும் பதிப்புரிமை கிடையாது என்று சொல்லிவிட்டதால், எடுத்து வைத்துக்கொள்வதிலும் தடை இல்லை.

இவ்வளவு தாராளமாகக் கிடைக்கும்போது கேஷ் எதற்கு? ஏஜென்ட் படிக்கும் விதம் நம்முடையதைப் போன்றதல்ல. ஒரு வழக்கறிஞர் சிவில் சட்டத்தின் 709-ஆம் பிரிவை ஒருமுறை படித்தால் அது வாழ்நாளுக்கும் மனதில் நிற்கும். ஏஜென்ட் ஒவ்வொரு வேலையிலும் அதை முதன்முறை பார்ப்பதுபோலவே போய்க் கேட்கும். ஒரே கேள்விக்குள்ளேயே மூன்று துணை ஏஜென்டுகள் அதே பிரிவைத் தனித்தனியாகக் கேட்கும். கேள்வியில் சந்தேகம் வந்தால் மறுபடி கேட்கும். அப்புறம் சிவில் சட்டம் 1050-ஆம் பிரிவு வரை நீளும் தொகுப்பு. ஒரு பிரிவுக்காக அதை முழுதாக இறக்கி ஏஜென்டின் முன் கொட்டினால், படிக்க வேண்டியது அதிலேயே புதைந்துபோகும். ஆகவே முழுச் சட்டத்தை ஒருமுறை வாங்கிக் கேஷில் வைத்து, கேட்ட பிரிவை மட்டும் கிள்ளிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு காரணம் ஜப்பானுக்கே உரியது. 2010-இல் ஐச்சி மாகாணத்தின் ஒகசாகி நகர நூலகத்தில் ஒரு சம்பவம் நடந்தது. புதுப் புத்தகங்களின் பட்டியலை வசதியாகப் பார்ப்பதற்காக அங்கே புத்தகம் எடுக்கும் ஒருவர் சின்ன நிரல் ஒன்றை எழுதினார். அது ஒன்றன்பின் ஒன்றாக, நொடிக்கு ஒரு கோரிக்கை என்ற அளவில்தான் தளத்தைக் கேட்டது. நூலக சர்வர் திணறியது. மே மாதம் போலீஸ் அவரைக் கைது செய்தது. சூழ்ச்சியால் பிறர் அலுவலைத் தடுத்தல் என்ற குற்றச்சாட்டு, தண்டனைச் சட்டம் 233-ஆம் பிரிவு. சுமார் 20 நாள் காவலில் இருந்தார். வழக்கு நீதிமன்றம் போகாமல் நின்றது. கோளாறு நூலகத்தின் மென்பொருளில் இருந்தது என்பது பிறகு தெரியவந்தது. அவர் பட்ட துன்பத்தை அது இல்லாமல் ஆக்கவில்லை. ஜப்பானில் நிரல் எழுதுபவர்கள் இன்றும் அதை மறக்கவில்லை. அரசு தளத்தை ஆயிரம் ஏஜென்டுகள் ஒரே நேரத்தில் தட்டும் காலத்தில், ஒரே பொருளுக்காக இரண்டாம் முறை கதவைத் தட்டாமல் இருப்பது மரியாதை. எங்கள் ஆவணத்தின் முதல் பத்தியிலேயே இதைச் சொல்லியிருக்கிறோம். வேகம் இரண்டாவது பத்தியில்தான் வருகிறது.

சரி, கேஷில் ஒன்றை வைக்க வேண்டுமானால் அதற்கு ஒரு சாவி வேண்டும். எந்தப் பெயரில் வைத்தால் மறுபடி எடுக்கலாம் என்பதுதான் சாவி. இங்கே ஈ-கவ் நல்ல ஏற்பாடு செய்திருக்கிறது. ஒவ்வொரு சட்டத்துக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. சிவில் சட்டத்தின் குறி 129 என்று தொடங்கி, ஏ, சி என்ற இரண்டு ரோமன் எழுத்துகள், ஏழு சுழியங்கள், கடைசியில் 089 என முடியும். முதல் 1 மெய்ஜி காலத்தைக் குறிக்கும். தைஷோவுக்கு 2, ஷோவாவுக்கு 3, ஹெய்செய்க்கு 4, இப்போதைய ரெய்வாவுக்கு 5. அடுத்த 29 அந்தக் காலத்தின் 29-ஆம் ஆண்டு, அதாவது 1896. இரண்டு எழுத்துகள் இது நாடாளுமன்றச் சட்டம் என்கின்றன. 089 அந்த ஆண்டின் 89-ஆம் சட்டம். தொழிலாளர் தரநிலைச் சட்டம் ஷோவா 22-ஆம் ஆண்டின் 49-ஆம் சட்டம் என்று தெரிந்தால் அதன் குறி 322-இல் தொடங்கி 049-இல் முடியும் என்று நாமே எழுதிவிடலாம்.

ஆனால் யாரும் குறியைச் சொல்லிக் கேட்பதில்லை. சுருக்கப் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள். ஜப்பானியர்கள் தொக்கின்ஹோ என்பார்கள். அதன் முழுப்பெயர் தனியார் ஏகபோகத்தைத் தடை செய்தல் மற்றும் நியாயமான வணிகத்தை உறுதி செய்தல் பற்றிய சட்டம். முழுப்பெயருக்குள் அந்தச் சுருக்கம் அப்படியே கிடையாது. ஆகவே சுருக்கப் பெயர்களுக்கு ஒரு தனி அட்டவணை தேவைப்பட்டது. இதை ஏஜென்டின் ஊகத்துக்கு விட்டால் அது பெயரில் நெருங்கிய வேறொரு சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பிரிவு எண்களில் இன்னொரு சிக்கல். இந்தியச் சட்டத்தில் இரண்டு பிரிவுகளுக்கு நடுவே புதியது ஒன்றை நுழைத்தால் 498-ஏ என்று எழுத்துச் சேர்ப்போம். ஜப்பானில் 'நோ 2' என்று சேர்ப்பார்கள். எண்ணிக்கை 2-இலிருந்துதான் தொடங்கும், 'நோ 1' கிடையாது. வங்கிகள் தொடர் கடனுக்காக எழுதிக்கொள்ளும் உச்சவரம்பு அடமானம் 1971-இல் சிவில் சட்டத்துக்குள் வந்தது. அதற்கு 398-நோ-2 முதல் 398-நோ-22 வரை எண் கொடுத்தார்கள். '398-இன் 2' என்று ஏஜென்ட் கேட்டால் அது 398-நோ-2 என்ற தனிப் பிரிவா, 398-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவா? முதலாவது முக்கியமான பிரிவு. இரண்டாவது கிடையவே கிடையாது, 398-க்கு ஒரே ஒரு பத்திதான். மூலத்தில் எண்கள் சீன எழுத்தில் இருக்கும், தரவுக் கோப்பில் 398, அடிக்கோடு, 2 என்று இருக்கும், மனிதர்கள் எழுதுவது வேறு மாதிரி இருக்கும். எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் கேஷைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பிரிவு நாலு பெயரில் நாலு இடத்தில் கிடக்கும், ஒன்று புதுப்பிக்கப்பட்டு மற்றவை பழசாகிக் கிடக்கும்.

இப்போது விஷயத்தின் நடுவுக்கு வருகிறேன். ஒரு ஜப்பானியச் சட்டத் திருத்தத்துக்கு இரண்டு தேதிகள் உண்டு. அரசிதழில் வெளியாகும் நாள் ஒன்று, நடைமுறைக்கு வரும் நாள் ஒன்று. கேஷ் அதோடு மூன்றாவதாக ஒரு தேதியைச் சேர்க்கிறது: நாம் எடுத்து வந்த நாள். பெரும்பாலான கேஷ் கருவிகள் மூன்றாவதை மட்டுமே அறியும். எடுத்து 24 மணி நேரம் ஆகிவிட்டதா, அப்படியானால் பழசு, மறுபடி போய் எடு என்பதோடு அவற்றின் அறிவு முடிந்துவிடும்.

இது எங்கே காலை வாரும் என்பதற்கு 2025 ஜூன் 1-ஐப் பாருங்கள். 1907-இல் தண்டனைச் சட்டம் உருவானதிலிருந்து ஜப்பானில் சிறைத் தண்டனை இரண்டு வகையாக இருந்தது. கட்டாய வேலையோடு கூடிய சோஎக்கி, வேலை இல்லாத கின்கோ. இரண்டையும் ஒன்றாக்கி கோகின்கெய் என்ற ஒரே தண்டனையைக் கொண்டுவரும் திருத்தம் 2022 ஜூனில் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது மூன்றாண்டு கழித்து, 2025 ஜூன் 1 அன்று. தண்டனைச் சட்டம் மட்டும் மாறவில்லை. சோஎக்கி என்ற சொல் இருந்த நூற்றுக்கணக்கான சட்டங்கள் அந்த ஒரே நள்ளிரவில் மாறின.

மே 31 மாலை 6 மணிக்கு ஒரு சட்டத்தை எடுத்து 24 மணி நேரம் செல்லும் என்று வைத்தால், ஜூன் 1 மாலை 6 மணி வரை இல்லாத தண்டனையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். அது போதாதென்று நேர வித்தியாசம். டோக்கியோவில் ஜூன் 1 பிறக்கும்போது உலகப் பொது நேரப்படி ஓடும் சர்வரில் மே 31 பிற்பகல் 3 மணிதான். சென்னையில் உட்கார்ந்திருப்பவருக்கு மே 31 இரவு 8.30. எங்கள் கருவியின் முதல் வடிவம் 'இன்று' என்பதை சர்வரின் நாளாக எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு முறை சட்டம் மாறும்போதும் 9 மணி நேரம் முந்தைய சட்டத்தைக் கொடுக்கும்படி அது எழுதப்பட்டிருந்தது. சோதித்துப் பார்க்கும்போது கண்ணில் பட்டது. ஆவணத்தில் இப்போது தடித்த எழுத்தில் இருக்கும் ஒரே வாக்கியம் இதுதான்: இந்தக் கருவியில் நாள் என்றால் ஜப்பானிய நாள்.

காலாவதி நேரத்தை மணிக்கணக்கில் வைக்காமல் அடுத்த அமல் தேதியில் வைப்பதுதான் தீர்வு. இன்னும் நடைமுறைக்கு வராத வடிவங்களையும் ஈ-கவ் முன்கூட்டியே வெளியிடுகிறது. ஒரு சட்டத்தின் திருத்த வரலாற்றைக் கேட்டால் அடுத்தது எப்போது என்று தெரிந்துவிடும். அந்தத் தேதியே காலாவதி. புதிய வடிவத்தை முன்பே நிதானமாக எடுத்து வைத்துக்கொள்ளவும் முடியும். எல்லாக் கேஷும் சரியாக நள்ளிரவில் காலாவதியாகி எல்லா ஏஜென்டும் அரசு சர்வர் மேல் ஒரே நேரத்தில் பாய்வதும் இதனால் தவிர்க்கப்படும்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. 'வெளியான நாளிலிருந்து இத்தனை ஆண்டுக்கு மிகாத காலத்துக்குள் அமைச்சரவை ஆணையால் குறிக்கப்படும் நாள்' என்று எழுதுவது ஜப்பானியச் சட்டங்களில் வழக்கம். மணமுறிவுக்குப் பின் பெற்றோர் இருவரும் பிள்ளைக்குப் பொறுப்பாக இருக்கலாம் என்னும் சிவில் சட்டத் திருத்தம் 2024 மே மாதம் நிறைவேறியபோது, இரண்டாண்டுக்குள் என்பது மட்டும்தான் சட்டத்தில் இருந்தது. 2026 ஏப்ரல் 1 என்ற தேதி பின்னால் குறிக்கப்பட்டது. ஆக, அடுத்த தேதி தெரியாத திருத்தம் வரிசையில் நிற்கும்போது கேஷ் தினமும் வரலாற்றை மட்டும் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். முழுச் சட்டத்தையும் எடுக்க வேண்டியதில்லை, ஒரு சின்னக் கோரிக்கை போதும்.

திருத்தம் எப்படி எழுதப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிரல் எழுதுபவர்களுக்கு இது பிடிக்கும். ஜப்பானியத் திருத்தச் சட்டம் பெரும்பாலும் புதிய பிரிவை முழுதாக எழுதிக் காட்டாது. 'இன்ன பிரிவில் இந்தச் சொல்லை இந்தச் சொல்லாக மாற்றுக' என்று மாற்றத்தை மட்டும் சொல்லும், நிரல் கோப்பில் போடும் ஒட்டு மாதிரி. அதைப் பழைய சட்டத்தில் பொருத்தி முழு வடிவம் தயாரிப்பதை, 'கரையவிடுதல்' என்ற பொருள் தரும் சொல்லால் சொல்வார்கள். ஈ-கவ்வில் நாம் படிப்பது அப்படிக் கரைத்த வடிவம். கான்போ என்னும் அரசிதழில் வந்ததுதான் மூலம், இரண்டும் முரண்பட்டால் அரசிதழே நிற்கும். 2025 ஏப்ரல் 1 முதல் அரசிதழின் மின்வடிவமே அதிகாரபூர்வமானது. ஆகவே கடந்த கால வடிவம் இனி மாறவே மாறாது என்று கேஷ் சத்தியம் செய்யக் கூடாது. அபூர்வமாக ஒரு திருத்து வரும். பழைய வடிவங்களுக்கு நீண்ட ஆயுள் கொடுக்கலாம், நிரந்தர ஆயுள் கொடுக்கக் கூடாது.

அழிக்கவும் கூடாது. நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஜப்பானியத் துணை விதிகளில் அடிக்கடி வரும் ஒரு சொற்றொடர் இருக்கிறது: 'நாவோ ஜூசென் நோ ரெய் நி யோரு'. 'இதற்கு முன்பு இருந்தபடியே தொடரும்' என்று பொருள். முதலில் சொன்ன கடன் விவகாரத்தில் வேலை செய்தது இந்தச் சொற்றொடர்தான். 2025 ஜூன் 1-க்கு முன் செய்த குற்றத்துக்குப் பழைய தண்டனை வகையே என்பதும் இதே மாதிரி விதியால்தான். இப்போதைய சட்டப் புத்தகத்தில் 167-ஆம் பிரிவின் பழைய வாசகத்தைத் தேடினால் கிடைக்காது, ஆனால் அந்த வாசகம் பலருடைய வாழ்க்கையில் இன்னும் அமலில் இருக்கிறது. புதியது வந்ததும் பழையதன் மேல் எழுதிவிடும் சாதாரண கேஷ், உயிரோடு இருக்கும் சட்டத்தை அழிக்கிறது.

எண்ணும் நம்மை ஏமாற்றும். 2010-இல் எழுதப்பட்ட ஒரு தீர்ப்பில் சிவில் சட்டம் 1028 என்று இருந்தால், உயிலால் பறிக்க முடியாதபடி வாரிசுக்குச் சட்டம் ஒதுக்கும் குறைந்தபட்சப் பங்கைப் பற்றி அது பேசுகிறது. 2019 ஜூலை 1 முதல் அந்த விதி 1042-க்குப் போய்விட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் 1028-இல் வேறொன்று குடியிருக்கிறது: இறந்தவரின் துணைவர் அந்த வீட்டிலேயே தொடர்ந்து வாழும் உரிமை. இரண்டுமே வாரிசுரிமைதான், இரண்டுமே ஒருவர் இறந்த பின் வரும் பேச்சுதான். ஏஜென்ட் பழைய தீர்ப்பையும் புதிய பிரிவையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் பொருந்துவதுபோலவே தோன்றும். அந்தப் பொருத்தத்தை நம்பி ஒரு விதவைக்கு யாராவது ஆலோசனை சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

ஆகவே எங்கள் சாவியில் சட்டக் குறி, பிரிவு எண் இரண்டோடு தேதியும் கட்டாயம். ஏஜென்ட் தேதி சொல்லாமல் கேட்டால் இன்றைய வடிவத்தைக் கொடுக்கிறோம், ஆனால் 'தேதி குறிப்பிடப்படவில்லை, இன்றைய வடிவம் தரப்பட்டது' என்ற வரி பதிலின் தலையிலேயே இருக்கும். பிரிவைக் கொடுக்கும்போது அந்தப் பிரிவைக் கடைசியாக மாற்றிய திருத்தத்தின் துணை விதிகளுக்கு ஒரு வழிகாட்டியும் சேர்ந்து போகும். அந்த ஒரு வரி இருந்தால் ஏஜென்ட் பெரும்பாலும் போய்ப் பார்க்கிறது. இல்லாவிட்டால் துணை விதி என்று ஒன்று இருப்பதே அதற்குத் தோன்றுவதில்லை. சட்டம் படிக்கும் முதலாண்டு மாணவர்களுக்கும் தோன்றுவதில்லை என்பதால் இதில் ஏஜென்டை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

'கிடைக்கவில்லை' என்ற பதிலைக் கேஷில் வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. தேடியது இல்லை என்று ஒருமுறை தெரிந்தால் அதையும் நினைவில் வைத்துக்கொள்வது வழக்கமான உத்திதான். சட்டத்தில் அது ஆபத்து. அரசிதழில் வந்த சட்டம் ஈ-கவ்வில் ஏறச் சில நாள் ஆகலாம். 398-இன் 2-ஆம் உட்பிரிவு மாதிரி கேள்வியே தவறாக இருக்கலாம். தேடும் பொருள் அந்தக் கிடங்கைச் சேர்ந்ததாகவே இல்லாமலும் இருக்கலாம். மாகாண, நகராட்சி விதிகள் ஈ-கவ்வில் கிடையாது. ட்சூடட்சு எனப்படும் துறைச் சுற்றறிக்கைகளும் கிடையாது. ஜப்பானில் வரி விஷயம் நடைமுறையில் பெரிதும் தேசிய வரி அலுவலகத்தின் சுற்றறிக்கைகளைப் பார்த்தே நகர்கிறது. 'விதி இல்லை' என்று கருவி சொல்ல, ஏஜென்ட் அதை 'தடை இல்லை' என்று படித்துக்கொண்டால் கதை முடிந்தது. எங்கள் கருவி 'இல்லை' என்று சொல்லாது. 'ஈ-கவ்வில் இந்தப் பெயரில், இந்தத் தேதிக்குக் கிடைக்கவில்லை. இங்கே இன்னவை அடங்காது' என்று சொல்லும். அந்தப் பதிலின் ஆயுள் சில நிமிடம்தான்.

சட்ட வாசகம் சரி, தேதி சரி, எல்லாம் சரியாக இருந்தும் போதாத இடமும் உண்டு. ஜப்பானிய தண்டனைச் சட்டத்தின் 200-ஆம் பிரிவு, பெற்றோர் போன்ற மூத்த உறவுகளைக் கொன்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை மட்டுமே என்றது. 1973 ஏப்ரல் 4 அன்று உச்ச நீதிமன்றம் அது அரசமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. ஒரு சட்டப் பிரிவை அந்த நீதிமன்றம் அப்படிச் சொன்னது அதுவே முதல் முறை. ஆனால் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது 1995-இல். இடையில் 22 ஆண்டு அது புத்தகத்தில் இருந்தது, யாரும் அதன்படி வழக்குத் தொடரவில்லை. 1980-இன் சட்டத்தைக் கொடு என்று கேட்டால் எந்தக் கேஷும் 200-ஆம் பிரிவைக் கொடுக்கத்தான் செய்யும். இதற்குத் தொழில்நுட்பத் தீர்வு எதுவும் எங்களிடம் இல்லை. 'இது வாசகம் மட்டுமே, நீதிமன்றங்கள் இதை எப்படி நடத்தின என்பது இதில் இல்லை' என்று ஆவணத்தில் எழுதியிருக்கிறோம்.

மொழிபெயர்ப்புகளைத் தனியே வைத்ததும் இதே கவலையால்தான். ஜப்பானிய நீதி அமைச்சகம் 2009 முதல் சட்டங்களின் ஆங்கில மொழிபெயர்ப்புகளை வெளியிட்டு வருகிறது. மிக நல்ல பணி. ஆனால் மொழிபெயர்ப்பு அதிகாரபூர்வமானதல்ல, திருத்தம் வந்த பிறகு மொழிபெயர்ப்பு வந்து சேரக் காலம் பிடிக்கும். ஆங்கிலம் ஏஜென்டுக்குச் சுலபம் என்பதால் கை முதலில் அங்கேதான் போகும். ஒரே அறையில் இரண்டையும் வைத்தால் 2018-இன் ஆங்கிலமும் 2025-இன் ஜப்பானியமும் ஒரே பிரிவு என்ற பெயரில் கலந்துவிடும். மொழிபெயர்ப்புக்கு அதன் மூல வடிவத்தின் தேதியோடு தனிச் சாவி கொடுத்தோம்.

அப்புறம் ரகசியம். சட்டம் எல்லோருக்கும் பொது. யார் எந்தப் பிரிவை எப்போது தேடினார் என்பது பொது அல்ல. ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தின் ஏஜென்ட் ஒரே பிற்பகலில் திவால் சட்டத்தையும் பங்குச்சந்தைச் சட்டத்தையும் மாறிமாறிக் கேட்டால், கேஷின் பதிவேட்டைப் பார்ப்பவருக்கு ஏதோ ஒரு நிறுவனம் ஆட்டம் காண்கிறது என்று புரிந்துவிடும். வழக்கறிஞர் சட்டத்தின் 23-ஆம் பிரிவு வாடிக்கையாளர் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. பொதுவான கேஷில் சட்ட வாசகம் மட்டும் இருக்கும், கேள்வியின் சுவடு அவரவர் இடத்தை விட்டு வெளியே போகாது.

கடைசியாக, இந்த ஆவணத்தை யார் படிக்கிறார்கள் என்பது. மென்பொருள் ஆவணத்தை மனிதர்கள் அவசரத்துக்குத்தான் புரட்டுவார்கள். ஏஜென்டுக்கு எழுதும் கருவி விளக்கம் அப்படி அல்ல, அது ஒவ்வொரு முறையும், முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை படிக்கப்படும். எழுதியதை அப்படியே நம்பும் வாசகர் அது. 'சமீபத்திய சட்டத்தைத் தரும்' என்று முதலில் எழுதியிருந்தோம். மனிதருக்கு அது சாதாரண வாக்கியம். ஏஜென்ட் அதைப் படித்துவிட்டு 2019-இன் சம்பவத்துக்கும் சமீபத்திய சட்டத்தையே கேட்டது, கருவி அதைத்தானே தருகிறது என்று சொல்லியிருக்கிறோம். அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு இப்படி மாற்றினோம்: 'நீங்கள் சொல்லும் நாளில் நடைமுறையில் இருந்த வாசகத்தைத் தரும். சம்பவம் நடந்த நாளைச் சொல்லுங்கள். நாள் தெரியாவிட்டால் முதலில் பயனரிடம் கேளுங்கள்.' இந்த மூன்று வரிக்குப் பிறகு ஏஜென்ட் கடன் கொடுத்தவரிடம் திரும்பி, 'பணத்தை எப்போது கொடுத்தீர்கள்?' என்று கேட்டது. நல்ல வழக்கறிஞர் முதலில் கேட்கும் கேள்வியும் அதுதான்.

ஆவணத்தின் இறுதியில் நான்கு சோதனைக் கேள்விகள் வைத்திருக்கிறோம். 2022 மார்ச் 31 அன்று சிவில் சட்டம் 4-ஆம் பிரிவுப்படி எத்தனை வயதில் ஒருவர் மேஜர்? 20 என்று வர வேண்டும். அதற்கு மறுநாள்? 18. 2010-இன் தீர்ப்பில் வரும் 1028 இன்று எந்தப் பிரிவு? 1042. 2020 ஜனவரியில் கொடுத்த கடன்? 2031 டிசம்பர். கருவியில் எந்த மாற்றம் செய்தாலும் முதலில் இந்த நான்கையும் கேஷ் காலியாக இருக்கும்போது ஒருமுறை, நிறைந்திருக்கும்போது ஒருமுறை ஓட்டுகிறோம். இரண்டு முறையும் ஒரே பதில் வராவிட்டால் அந்தப் பதிப்பு வெளியே போகாது.